தோட்டாக் கூட்டில் விழுந்த விரிசல்

அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியை எழுத எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உலோகங்களைச் சோதிக்கும் சின்ன லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். உடைந்த போல்ட், வெடித்த பைப், பல் போன கியர் என்று எது வந்தாலும், அறுத்து, தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஏன் உடைந்தது என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. டாக்டருக்குப் படித்தவர்கள் உயிரோடு இருப்பவர்களைப் பார்க்கிறார்கள், நீ செத்ததை மட்டும் பார்க்கிறாய் என்று கரூரில் இருக்கும் என் அண்ணன் கிண்டல் செய்வான். பதினோரு வருடமாக இதைச் செய்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. பொருளைக் கையில் வாங்கும்போதே காரணம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. அந்த நினைப்பு பத்தில் ஒன்பது முறை சரியாக இருந்துவிடும். அதுதான் வினை.

கார்த்திகை மாத மழையில் ஒரு திங்கட்கிழமை அந்தப் பார்சல் வந்தது. துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கான ரைபிள் தோட்டா தயாரிக்கும் வெளிமாநிலக் கம்பெனி ஒன்று அனுப்பியிருந்தது. தோட்டா என்றால் முன்னால் ஒரு குண்டு, பின்னால் மருந்தை அடைத்து வைக்கும் பித்தளைக் கூடு. குண்டைக் கவ்விப் பிடிக்கும் குறுகிய பகுதியைக் கழுத்து என்பார்கள். பார்சலில் சுட்டு முடித்த மூன்று காலிக் கூடுகள் இருந்தன. மூன்றிலும் கழுத்தில் நீளவாக்கில் விரிசல். அவற்றோடு அதே லாட்டைச் சேர்ந்த, அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரான, சுடாத பத்து தோட்டாக்கள். மருந்து கிடையாது, வெடிக்கவைக்கும் மூடி கிடையாது, குண்டை மட்டும் கழுத்தில் பொருத்தி அனுமதிக் கடிதத்தோடு அனுப்பியிருந்தார்கள். விரிசல் எதனால் என்று எட்டு நாளில் சொல்ல வேண்டும்.

எங்கள் லேபில் ஒரு விதி உண்டு. வந்த சாம்பிளை முதலில் லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, வந்த நிலையை எழுதிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். விரிசல் விட்ட மூன்றையும் முறையாகப் போட்டோ எடுத்தேன். மற்ற பத்தும் சும்மா ஒப்பிட்டுப் பார்க்க வந்தவைதானே என்று எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வேறொரு வால்வு வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுவதும் தோட்டாக்கள் பக்கம் நான் போகவில்லை.

அடுத்த திங்கள் காலை கம்பெனியின் தர மேலாளர் மூன்று முறை போன் செய்தார். நாளைக்கு வேண்டும், நாளைக்கு வேண்டும் என்று ஒரே பல்லவி. அலமாரியைத் திறந்து தட்டை எடுத்தேன். சுடாத பத்தில் நான்கின் கழுத்தில் மெல்லிய கோடு. லென்ஸில் பார்த்தால் விரிசலேதான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். சுடாத தோட்டாவிலேயே விரிசல் விழுந்திருக்கிறது என்றால் துப்பாக்கியைச் சொல்ல வேண்டாம், சுட்டவரைச் சொல்ல வேண்டாம், தயாரிப்பிலேயே கோளாறு என்று கேஸ் முடிந்துபோகிறது. பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்தி இழுக்கும்போது உலோகம் இறுகிவிடும். கழுத்தை அளவான சூட்டில் காட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். அனீலிங் என்பார்கள். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் கழுத்து பின்னால் தானாகவே விரியும். இந்த லாட்டுக்கு அனீலிங் செய்தது எங்கள் லேபிலிருந்து நாலு தெரு தள்ளி, ஃபர்னஸ் என்னும் உலையில் உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை என்று கம்பெனியின் கடிதத்திலேயே இருந்தது.

கழுத்தை அறுத்து, எந்த இடம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஹார்ட்னஸ் பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் பிடிக்கும். விரிசல்தான் கண்ணுக்குத் தெரிகிறதே என்று விட்டுவிட்டேன். 'அனீலிங் முறையாகச் செய்யப்படவில்லை' என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசி வரியாக, 'இது ஃபர்னஸ் இயக்கியவரின் அலட்சியத்தைக் காட்டுகிறது' என்று சேர்த்தேன். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் கம்பீரமாக இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு ஆறிய டீயைக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் செக்யூரிட்டி வந்து, வாசலில் ஒருவர் காலையிலிருந்து நிற்கிறார், உங்களைப் பார்க்காமல் போகமாட்டாராம் என்றார். போய்ப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை பழைய தீக்காயத் தழும்புகள். தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. மழையில் பாதி நனைந்திருந்தார்.

"மேடம், நீங்கதான அந்தப் பித்தள ரிப்போர்ட்டு எய்தனது?"

"ஆமா. நீங்க?"

"அலட்சியம்னு போட்டுக்கீறீங்களே, அது நான்தான்."

பதினோரு வருடத்தில் என் ரிப்போர்ட்டுக்குள் இருந்து ஒரு ஆள் எழுந்து வந்து என் முன்னால் நின்றதில்லை.

அவர் சொன்னது இதுதான். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பட்டறையில் ஃபர்னஸ் ஓட்டுகிறார். மேனாம்பேட்டில் வீடு. ஃபர்னஸ் ஓடும்போது எத்தனை டிகிரி, எத்தனை நேரம் என்று ஒரு வட்டக் காகிதத்தில் பேனா தானாகவே கோடு போடும். அந்த லாட்டின் சார்ட்டில் கோடு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் கம்பெனி பட்டறைக்கு அனுப்பிவைத்த என் ரிப்போர்ட் அனீலிங் முறையாக நடக்கவில்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் லேபின் முத்திரை இருக்கிறது, சார்ட்டில் இருப்பது அவருடைய கையெழுத்து மட்டும். எனவே அவர் ஃபர்னஸைப் போடாமல் தூங்கிவிட்டு, சார்ட்டில் கையால் கோடு போட்டுவிட்டார் என்று முதலாளி முடிவு செய்து சஸ்பெண்ட் செய்துவிட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. விசாரணை என்றால் பேருக்குத்தான், அன்றோடு சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று யூனியன்காரரே சொல்லிவிட்டாராம்.

"அண்ணே, நான் பீஸைப் பார்த்து எழுதினேன். உங்களைப் பத்தி எழுதல," என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிந்தது.

"பீஸு வெடிச்சிகீதுன்னு எய்து. உன் கண்ணால பாத்துக்கீற, எய்தலாம். அலட்சியத்த எந்த மிஷின்ல வச்சிப் பாத்த?"

நீங்கள் என்பது நீ ஆகியிருந்தது. குரலை அவர் உயர்த்தவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. தப்பு நம் பக்கம் இருக்குமோ என்ற சந்தேகம் எட்டிப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிகமாகக் கோபம் வரும். உள்ளே வாருங்கள், காட்டுகிறேன் என்றேன். வெளியாட்களை லேபுக்குள் விடக்கூடாது. விரிசல் விட்ட நான்கையும் லென்ஸில் காட்டி வாயை அடைத்து அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவர் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார். அதில் இரண்டு பித்தளைக் கூடுகள் கோத்திருந்தன, கூடவே தேதி எழுதிய தகரத் துண்டு. எந்த லாட் ஃபர்னஸிலிருந்து இறங்கினாலும் அதிலிருந்து கழித்துக்கட்டிய இரண்டு பீஸைக் கம்பியில் கோத்து ஃபர்னஸுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைப்பாராம். யாரும் செய்யச் சொன்னதில்லை. "நாளைக்கு எவனாவது வந்து கேட்டா காட்டணும்ல," என்றார். கூட்டின் அடியில் அந்த லாட்டின் எண் பொறித்திருந்தது. ஒரு விரிசல் இல்லை.

"இதில குண்டு பொருத்தல அண்ணே. குண்டு உள்ள இருந்து அழுத்தும்போதுதான் கழுத்து விரியும். ரெண்டும் ஒண்ணில்ல," என்றேன். நான் சொன்னது சரிதான். சரியான விஷயத்தைச் சொல்லித்தான் அப்போதும் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

அலமாரியைத் திறந்தேன். பின்னால் நின்றவர் சட்டென்று இரண்டடி விலகித் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உள்ள அமோனியா கீதா?"

"இருக்கு. பித்தளையைத் தேய்ச்ச பிறகு மேல தடவிப் பார்க்கிறதுக்கு. ஏன்?"

"இதுக்குள்ளயா பித்தளைய வச்ச?"

நான் தட்டை வெளியே எடுத்தேன். அவர் துண்டை எடுக்காமலே பேசினார். "எங்க பட்டறைல வேற வேலைக்கு அமோனியா சிலிண்டர் கீது. அந்த ரூம் பக்கமா பித்தளைய எடுத்துகினு போனாலே சூப்பர்வைசர் கத்துவாரு. வேலைக்குச் சேந்த மொத நாளே சொல்லிக் குட்த்துடுவாங்கோ. படிச்சவங்க நீங்கோ, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் கொடுமை. அழுத்தத்தில் இருக்கும் பித்தளையும் ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் விரிசல் விடும் என்பது நாங்கள் மூன்றாம் வருடத்தில் படிக்கும் பாடம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் தோட்டாக் கூடுகள் தாமாக விரிசல் விட்டதும், பக்கத்துக் குதிரை லாயத்து மூத்திரத்தின் அமோனியா வாடைதான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்ததும் அந்தப் பாடத்தில் வரும். இந்த லேபின் இன்டர்வியூவில் அந்தக் குதிரைக் கதையைச் சொல்லித்தான் நான் வேலை வாங்கினேன்.

பாட்டில் மூடியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பாட்டிலைப் பார்த்தேன். மூடி இரண்டு மாதத்துக்கு முன் கீறல் விட்டிருந்தது. பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன், நானே. மேஜையில் இருந்தால் நெடி அடிக்கிறது என்று சாம்பிள் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்ததும் நானே. தினம் திறந்து மூடி அந்த வாடை எனக்குப் பழகிப்போயிருந்தது. அலமாரிக் கதவின் பித்தளைக் கீலில் உள்பக்கம் மட்டும் நீலமும் பச்சையுமாகப் பூத்திருந்தது. எத்தனை நாளாக இருக்கிறதோ, அன்றுதான் கண்ணில் பட்டது.

மழையில் பூட்டிய அலமாரி, அமோனியா வாடை, குண்டு அழுத்திக்கொண்டிருக்கும் பத்து கழுத்துகள், ஏழு நாள். பித்தளையில் விரிசல் விழவைக்க ஒருவர் திட்டம் போட்டாலும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது.

அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. "நான் பார்க்கிறேன். நீங்க போங்க," என்றேன்.

"திங்கக்கெழம பத்து மணி. அதுக்குள்ள பாப்பீங்களா?"

"பார்ப்பேன்."

அவர் கம்பியைப் பிரித்து ஒரு கூட்டை மட்டும் கழற்றி மேஜையில் வைத்தார். "இத அறுத்துக்கோங்க. இன்னொண்ணு எங்கிட்டயே இருக்கட்டும்," என்றார். என் லேபை அவர் எவ்வளவு நம்புகிறார் என்பது அதிலேயே தெரிந்தது. எனக்கு உறைத்தது.

முதலில் தோட்டாக் கம்பெனியின் தர மேலாளருக்குப் போன் செய்தேன். பத்து பீஸையும் அனுப்பும் முன் போட்டோ எடுத்தீர்களா என்று கேட்டேன். எடுத்திருக்கலாம், கேட்டுச் சொல்கிறேன், ஏன் என்றார். சும்மா ஒரு சரிபார்ப்பு என்று பூசி மெழுகினேன். பிறகு ஃபர்னஸ்காரர் கொடுத்த கூட்டையும், பத்தில் விரிசல் விடாத ஒன்றையும் நீளவாக்கில் அறுத்து, பிசினில் பதித்து, இறுகட்டும் என்று வைத்துவிட்டு, வேறு வேலை எதுவும் ஓடாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில் எனக்குள் ஓடிய நினைப்பை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. கழுத்து இறுகியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இறுகியிருந்தால் அனீலிங் நடக்கவில்லை என்று ஆகும். அவர் நிஜமாகவே தூங்கியிருப்பார், என் ரிப்போர்ட் தப்பான வழியில் போனாலும் சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு மனிதரின் வேலை போகட்டும் என்று நான் வேண்டியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை ஹார்ட்னஸ் மிஷினில் வைத்தேன். வைரமுனை பித்தளையில் அழுந்தி ஒரு தடம் விடும். தடம் பெரிதாக இருந்தால் உலோகம் மென்மை, சிறிதாக இருந்தால் இறுக்கம். அடிப்பக்கம் தொடங்கினேன். சின்னத் தடம், அங்கே அப்படித்தான் இருக்க வேண்டும். கழுத்தை நோக்கி ஒவ்வொரு புள்ளியாக நகர்த்த நகர்த்தத் தடம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கழுத்தில் பளிச்சென்று பெரிய தடம். இரண்டு கூட்டிலும் ஒரே மாதிரி. நம்பாமல் மறுபடி ஒரு வரிசை எடுத்தேன். மாறவில்லை. பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படி ஒரு அனீலிங்.

மதியம் வாட்ஸ்அப்பில் போட்டோக்கள் வந்தன. பத்து தோட்டா, பத்து கழுத்து, ஒவ்வொன்றும் கிட்டத்தில் எடுத்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு கோடு இல்லை. அந்த நான்கு விரிசலும் என் அலமாரியில்தான் விழுந்திருக்கின்றன. சுட்ட மூன்று கூடுகளின் விரிசல் வரும்போதே இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுகளையும் அதே அலமாரியில் ஏழு நாள் வைத்துவிட்டதால், அது எதனால் விழுந்தது என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சாட்சியை நானே அழித்திருந்தேன்.

எங்கள் லேப் மேனேஜரிடம் போனேன். கெட்டவர் இல்லை. பதினான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்து, ஆடிட்டுக்கு ஆடிட் லேபைக் கரைசேர்ப்பவர். நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சரி. கூடுதல் சோதனைக்குப் பிறகு முடிவு திருத்தப்பட்டதுன்னு போட்டு புது ரிப்போர்ட் குடு," என்றார்.

"அது போதாது சார். அந்த ஃபர்னஸ்காரர் வந்து கெஞ்சினார், நாம மாத்திக் குடுத்துட்டோம்னுதான் அவங்க முதலாளி நினைப்பார். விரிசல் நம்ம லேப்ல விழுந்ததுன்னு எழுதினாத்தான் அவர் பேர் தப்பும்."

"எங்க தப்புதான்னு எந்த லேப்காரன் எழுதிக் குடுப்பான்? அதை எழுதிட்டா அப்புறம் நாம இதுவரைக்கும் குடுத்த ரிப்போர்ட்டையெல்லாம் ஒவ்வொருத்தனா தூக்கிட்டு வருவான்."

"திங்கள் பத்து மணிக்கு விசாரணை சார்."

"நான் மதியம் கஸ்டமர்கிட்ட பேசிட்டு அப்புறம் அனுப்பறேன்."

"மதியத்துக்குள்ள அவரை அனுப்பிடுவாங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நான் திரும்பி வந்து கடிதத்தை எழுதினேன். விரிசல் இல்லாமல் வந்த சாம்பிளை அமோனியா இருந்த அலமாரியில் வைத்தேன், விரிசல் அங்கேதான் ஏற்பட்டது, ஹார்ட்னஸ் சோதனைப்படி அனீலிங் முறையாக நடந்திருக்கிறது, முந்தைய ரிப்போர்ட்டை முழுமையாகத் திரும்பப் பெறுகிறோம். வந்த நிலையைப் பதிவு செய்யாதது என் தவறு என்றும் எழுதினேன். 'நான்' என்று ரிப்போர்ட்டில் எழுதும் வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. செய்யப்பட்டது, வைக்கப்பட்டது என்றுதான் எழுதுவோம், யாரோ ஆவி வந்து செய்துவிட்டுப் போன மாதிரி. அன்று 'நான்' என்றே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியவில்லை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரை போய், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

திங்கள் எட்டரைக்கே லேபில் இருந்தேன். ஒன்பதரை வரை மேனேஜர் வரவில்லை. அவருடைய கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அவருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு நனைந்த குடையோடு வந்தார். கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். பேனாவை எடுத்தார்.

"ஆடிட்டர் வந்து கேட்டா நீதான் பதில் சொல்லணும்," என்றார்.

"சொல்றேன் சார்."

கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். குடையையும் கொடுத்தார்.

நாலு தெருதான், ஆனால் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். பட்டறை ஆபீஸை அடைந்தபோது பத்து தாண்டிவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் முதலாளியும் எச்.ஆர்.காரரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஃபர்னஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். முன்னால் வேலைநீக்கத் தாள், அதன் மேல் ஒரு பேனா. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நான் உட்காராமலே கடிதத்தை வாசித்தேன். விரிசல் எங்கள் லேபில் விழுந்தது என்ற வரியை இரண்டு முறை வாசித்தேன். முதலாளி கடிதத்தை வாங்கி முத்திரையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு ஃபைலிலிருந்த வட்டச் சார்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அப்போ இந்தக் கோடு நெசம்தானா?" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

எச்.ஆர்.காரர் மேஜையில் இருந்த தாளை மெல்ல இழுத்து ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். "நாளைலருந்து ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வந்துடு," என்றார் முதலாளி. அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தையை அந்த அறையில் யாரும் எடுக்கவில்லை.

வெளியே ஷெட்டுக்கு அடியில் அவரைப் பிடித்தேன். "அண்ணே, மன்னிச்சிருங்க. நான் அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது," என்றேன். நான்கு நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தும் சொன்னபோது சின்னதாகத்தான் இருந்தது.

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"எங்கிட்ட சொல்லி இன்னாத்துக்கு மேடம். நான் இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியும். எம் பொண்ணாண்ட சொல்லுங்க. ஐ.டி. கம்பெனில வேல செய்து. உங்க ரிப்போர்ட்டு இங்கிலீஷ்ல இருந்துச்சா, அதுதான் எனக்குப் படிச்சிக் காட்டுச்சி. படிச்சிட்டு, நைனா, நெசமாவே தூங்கிட்டியான்னு கேட்டுச்சி. அப்பாலருந்து ஊட்ல எங்கூடப் பேசல."

நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தார். மணி அடித்தது. ஒரு பெண் குரல், "நைனா, இன்னா சொன்னாங்க?" என்றது.

நான் யார் என்று சொன்னேன். பித்தளையை எங்கே வைத்தேன் என்று சொன்னேன். ஹார்ட்னஸ் பார்த்ததைச் சொன்னேன். உங்கள் அப்பா செய்த அனீலிங்கில் ஒரு குறையும் இல்லை, ரிப்போர்ட்டில் இருந்தது முழுக்க என் தவறு என்று சொன்னேன். "ஓகே மேடம். நைனாவாண்ட குடுங்க," என்றது குரல்.

போனை வாங்கிக்கொண்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். ஷெட்டின் தகரத்தில் மழை இரைந்தது. அதையும் மீறி எனக்குக் கேட்டது.

"அழாதமா. நீ கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. முத்திர குத்தி எய்திருந்தா யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்கோ."